கல்லீரல் தழும்பை அளக்கும் எளிய கணக்கு

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் சுமக்கும் 50 வயதுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நீரிழிவு உண்டு. கல்லீரலில் கொழுப்பும் படிந்துள்ளது. வலி ஏதும் இல்லை. ஆயினும் உள்ளே தழும்பு வளர்கிறதா என்பதை அறிந்தாக வேண்டும்.

நெடுநாள் அழற்சியுற்ற கல்லீரலில் நார்த்திசு பெருகுகிறது. தழும்பற்ற எஃப்-0 முதல் சிரோசிஸ் எனப்படும் எஃப்-4 வரை இதனை ஐந்து நிலைகளாக மருத்துவர்கள் பகுக்கின்றனர். தொடக்க நிலைகளில் காரணத்தை நீக்கினால் கல்லீரல் பெரிதும் தேறக்கூடும். முற்றிய நிலையில் நீர்க்கோவையும் புற்றுநோயும் நேரிடலாம்.

நெடுங்காலம் இந்நிலைகளை அறிய, ஊசி செலுத்தித் திசு எடுக்கும் பயாப்சியே வழியாக இருந்தது. எடுக்கப்படும் துணுக்கோ கல்லீரலின் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கே. குருதிக் கசிவு அபாயத்துடன், அன்றாடக் கூலி பெறுவோருக்கு ஊதிய இழப்பும் சேர்கிறது.

2006-இல் வெளிவந்த ஃபிப்-4 கணக்கு இந்நிலையை மாற்றியது. வயதை ஏ.எஸ்.டி. என்னும் நொதியின் அளவால் பெருக்க வேண்டும். ஆயிரங்களில் குறித்த தட்டணு எண்ணிக்கையை ஏ.எல்.டி. நொதி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் தொகையால் முன்னதை வகுக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு ஏ.எஸ்.டி. 80, ஏ.எல்.டி. 64, தட்டணுக்கள் 1,50,000 எனக் கொள்வோம். 4,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் 3.33 கிடைக்கும். விடை 1.3-க்குக் குறைந்தால் முற்றிய தழும்பு பெரும்பாலும் இல்லை, 2.67-ஐ மிஞ்சினால் ஐயம் வலுக்கிறது. 65 வயதைக் கடந்தோருக்குக் கீழ்வரம்பு 2.0 ஆகும்; 35 வயதுக்கு உட்பட்டோருக்கு இக்கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஐயமுற்றோரை மட்டும் ஃபைப்ராஸ்கேன் கருவியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். பிரான்சில் உருவான இக்கருவி விலா இடுக்கில் மெல்லிய அதிர்வைச் செலுத்துகிறது. இறுகிய கல்லீரலில் அவ்வதிர்வு விரைந்து பரவும். அவ்வேகமே கிலோபாஸ்கல் அளவாகிறது. 8-க்குக் குறைந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. உணவுண்டவுடன் சோதித்தாலோ, கடும் அழற்சி இருந்தாலோ அளவு பொய்யாக உயரும். இரு முடிவுகளும் முரண்படும்போதும், நோயின் காரணம் விளங்காதபோதும் பயாப்சி இன்றும் தேவையே.

2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தகைய இரத்தக் கணக்குகள் இடம்பெற்றுள்ளன. 2021-இல் கொழுப்புக் கல்லீரல் நோயும் தொற்றா நோய்த் திட்டத்தில் இணைக்கப்பட்டது. விலையுயர்ந்த கருவியை எல்லா ஊர்களிலும் நிறுவுதல் எளிதன்று. ஆனால் இக்கணக்குக்கு வேண்டிய இரத்தப் பரிசோதனைகள் சாதாரண ஆய்வகங்களிலேயே செய்யப்படுகின்றன. முதலில் கணக்கு, பின்னர் கருவி, இறுதியில் ஊசி என்னும் வரிசையைப் பேணினால், காயல் கடந்து எறணாகுளம் செல்ல வேண்டியவர் எவர், தம் ஊரிலேயே கண்காணிக்கத்தக்கவர் எவர் என்பது தெளிவாகும். அரிய வளமும் ஏழையின் ஒரு நாள் கூலியும் ஒருங்கே காக்கப்படும்.