புல் மூடிய வீடு

பேய்க் கதை என்றவுடன் நம்மவர் நினைவில் முதலில் எழுவது பழையனூர் நீலியின் கதையே. கணவனால் கொலையுண்ட பெண் பேயாகத் தோன்றி, அவனுடைய மனைவியின் வடிவெடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவை முன் வழக்காடித் தன் பழியைத் தீர்த்துக்கொண்டாள். அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர், சொன்ன சொல் காக்கத் தீப்பாய்ந்தனர். இக்கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பேய் என்றால் அச்சமும் பழியுமே முன்வந்து நிற்கின்றன.

ஆயினும், பேய்க் கதைகளுள் வேறொரு வகையும் உண்டு. அங்கே இறந்தவர் மீண்டு வருவது பழி வாங்குவதற்கன்று. உயிரோடிருந்தபோது கொண்ட அன்பை இறந்த பின்னும் விடாது காப்பதற்கே. இவ்வகையில் தலைசிறந்தவற்றுள் ஒன்று ஜப்பானிய மொழியில் உள்ளது. பொருள் தேடி ஊரைவிட்டுப் போன ஒருவனையும், அவன் வருகைக்காகக் காத்திருந்த அவன் மனைவியையும் பற்றிய கதை அது. பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்போன்றோர் அறிந்திருக்க வேண்டிய கதை என்று கருதி, அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அதனை எழுதியவர் உயெதா அகினாரி. 1734-இல் பிறந்து 1809-இல் மறைந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே ஒஸாகா நகரத்து வணிகர் ஒருவருக்குச் சுவீகாரப் புத்திரரானார். இளமையில் பெரியம்மை கண்டு விரல்கள் ஊனமுற்றன. 1771-இல் கடை தீக்கிரையாயிற்று; பின்னர் மருத்துவம் பயின்று அத்தொழிலை மேற்கொண்டார். இழப்பு என்பது இன்னதென்று நன்கறிந்த இவர், 1776-இல் 'உகெத்ஸு மோனோகாதாரி' என்னும் நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். மழையும் நிலவும் பற்றிய கதைகள் என்பது அத்தலைப்பின் பொருள். மழை ஓய்ந்து நிலவு மங்கலாகத் தோன்றிய ஓர் இரவில் எழுதி முடித்ததாக முன்னுரையில் கூறுகின்றார். ஒன்பது கதைகள் கொண்ட அந்நூலின் மூன்றாவது கதையே நாம் குறிப்பிடுவது. அதன் பெயர் 'அஸாஜி கா யாதோ'. அஸாஜி என்பது தருப்பை இனத்தைச் சேர்ந்த ஒரு குறும்புல். ஜப்பானியக் கவிதையில் இப்புல் மண்டிய வீடு என்றால், பேணுவாரற்றுப் போன வீடு என்று பொருள். எனவே அக்கதையைப் 'புல் மூடிய வீடு' என்று தமிழில் வழங்கலாம்.

கதை 1455-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. இன்றைய டோக்கியோ நகரத்தை அடுத்துள்ள இச்சிகாவா நகரில் மமா என்றொரு பகுதி உண்டு. அக்காலத்தில் அது ஒரு சிற்றூர். அங்கே கத்ஸுஷிரோ என்பவன் வாழ்ந்தான். நல்ல நிலபுலம் இருந்த குடும்பம். ஆனால் உழவில் அவனுக்கு நாட்டம் இல்லை. சொத்துக் கரைந்தது, உற்றார் ஒதுக்கினர். மானம் உறுத்தவே, எஞ்சிய நிலத்தையும் விற்றுப் பட்டு வாங்கி, தலைநகரமாகிய கியோட்டோவிற்குச் சென்று வாணிபம் செய்யத் துணிந்தான். மலைவழியே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. மனைவி மியாகிக்கு இது உவப்பில்லை. எனினும், கணவன் உறுதியைக் கண்டு, தன் துயரை மறைத்துப் பயணத்துக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்தாள். இந்த இலையுதிர் காலத்திற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லி அவன் புறப்பட்டான்.

அவ்வாண்டுக் கோடையிலேயே கிழக்கு நாட்டில் போர் மூண்டது. இது கற்பனையன்று. காமகுராவின் தலைவருக்கும் உயெசுகி குடும்பத்தாருக்கும் இடையே மூண்ட அப்பூசல் 1455 முதல் 1483 வரை நீடித்ததை வரலாறு கூறும். ஊரார் மலைகளுக்குள் ஓடி ஒளிந்தனர். மியாகி ஓடவில்லை. இலையுதிர் காலம் வரை பொறுத்திருக்குமாறு கணவன் சொல்லியிருந்தான் அன்றோ? அக்காலம் வந்தது, அவன் வரவில்லை. பணிப்பெண்ணும் போய்விட்டாள். அழகைக் கேட்டு வந்து ஆசை காட்டியவர்களுக்குக் கதவை அடைத்துவிட்டு அவள் தனித்திருந்தாள்.

கத்ஸுஷிரோ வாக்குத் தவற எண்ணியவனல்லன். பட்டை நல்ல இலாபத்துக்கு விற்றான். போர்ச் செய்தி கேட்டு உடனே ஊருக்குத் திரும்பினான். கிஸோ மலைப்பாதையில் கள்வர்கள் அவன் பொருள் அனைத்தையும் பறித்துக்கொண்டனர். அதற்கப்பால் புதிய காவற்சாவடிகள் வைக்கப்பட்டுள்ளன, வழிப்போக்கர் எவரையும் விடுவதில்லை என்று கேள்வியுற்றான். அந்த இடத்தில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான்: வீடு எரிந்திருக்கும், மனைவியும் உயிரோடிருக்கமாட்டாள். வந்த வழியே திரும்பினான். இடையில் ஓமி நாட்டில் காய்ச்சல் கண்டு படுத்தான். அங்குள்ளோர் அன்புடன் பேணினர். உடல் தேறியது, நண்பர்கள் வாய்த்தனர். கனவுபோல் ஏழாண்டுகள் கழிந்தன.

1461-இல் தலைநகரைச் சுற்றிலும் போரும் கொள்ளைநோயும் பரவின. உலக வாழ்வின் நிலையாமை அப்போதுதான் அவன் நெஞ்சில் தைத்தது. மனைவி இறந்திருந்தாலும் அவளுக்கு ஒரு சமாதியேனும் எழுப்ப வேண்டாவா என்று தன்னைத்தானே நொந்துகொண்டு புறப்பட்டான். மமாவை அடைந்தபோது மாலை மயங்கி, மழைமேகம் கவிந்திருந்தது. பாலம் இடிந்து கிடந்தது. வயல்கள் காடாயிருந்தன. இடி விழுந்து பிளந்த பைன் மரம் ஒன்றை அடையாளம் கண்டு தன் வீட்டை அணுகினான். கதவிடுக்கில் விளக்கொளி தெரிந்தது. கனைத்தான். 'யார்?' என்று உள்ளிருந்து தளர்ந்த குரல் கேட்டது. அவள்தான்! கண்கள் குழிவிழுந்து, கூந்தல் அவிழ்ந்து, உருமாறியிருந்தாள்; அவனைக் கண்டதும் பேச்சின்றி அழுதாள். இருவரும் தாம் பட்டவற்றைச் சொல்லிக்கொண்டனர். குறுகிய அவ்விரவில் அருகருகே உறங்கினர்.

விடியற்காலையில் முகத்தில் ஏதோ குளிர்ந்து சொட்டவே அவன் விழித்தான். மேலே கூரை இல்லை. வெளிறிய நிலவு தெரிந்தது. தரைப்பலகைகளின் ஊடே புல் முளைத்திருந்தது. படுக்கையறையில் பலகைகளைப் பெயர்த்து ஒரு மண்மேடு எழுப்பப்பட்டிருந்தது. அதன்மேல் மரப்பலகை, அதில் ஒட்டிய காகிதத்தில் அவள் கையெழுத்தில் ஒரு கவிதை. இறந்தவருக்கு வழங்கும் பெயரோ, இறந்த நாளோ அதில் இல்லை. வருவான் என்ற நம்பிக்கையே தன்னை ஏமாற்றி இத்தனை நாள் வாழவைத்தது என்பதே அக்கவிதையின் கருத்து.

ஊரில் எஞ்சியிருந்த முதியவர் ஒருவர் நடந்ததைச் சொன்னார். கணவன் பிரிந்த மறுவருடமே, எட்டாம் மாதம் பத்தாம் நாளில், அவள் இறந்துவிட்டாள். தம் தள்ளாத வயதில் தாமே மண் சுமந்து அடக்கம் செய்ததாகவும், அவள் இறுதியில் எழுதி வைத்ததையே அடையாளமாக நட்டதாகவும் கூறினார். தமக்கு எழுதத் தெரியாது. எனவே நாளைக் குறிக்க முடியவில்லை. கோயில் தொலைவில் இருந்தமையால் இறந்தோர்க்குரிய பெயரும் பெற இயலவில்லை. இப்படியே ஐந்தாண்டுகள் சென்றன என்றார் அவர்.

இக்கதையின் நயத்தை உணர, அதன் மூலத்தையும் சிறிது அறிதல் வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் ச்சூ யோ என்னும் சீன ஆசிரியர் எழுதிய கதைத் தொகுதியில் ஐச்சிங் என்ற பெண்ணின் கதை உண்டு. அங்கே கணவன் ஊர் திரும்பி, மனைவி மாண்டதை அறிந்து, முறைப்படி அடக்கம் செய்து வேண்டிய பின்னரே அவள் ஆவி தோன்றுகின்றது. வேறோர் ஊரில் ஆண்மகவாகப் பிறக்கப்போவதாகவும் அறிவிக்கின்றது; கணவன் சென்று அக்குழந்தையைக் காண்கின்றான். அகினாரி இரண்டு மாற்றங்கள் செய்தார். கணவனுக்கு அவள் இறந்தது தெரியாது. மறுபிறவி என்னும் ஆறுதலும் இல்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இவ்விரு மாற்றங்களும் சிந்தனைக்குரியவை. தெரியாமையால் அந்த ஓரிரவு இருவருக்கும் உண்மையான இல்வாழ்க்கையின் இரவாகவே அமைந்துவிடுகின்றது. ஆறுதல் இல்லாமையால், விடிந்தபின் அவனுக்கு எஞ்சுவது மண்மேடு ஒன்றே. இனிமையும் கசப்பும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளாமல் நிற்கின்றன.

இனி, மியாகி ஏன் பழிவாங்கவில்லை என்ற வினா எழும். அதே நூலில் இஸோரா என்ற மற்றொரு மனைவியின் கதையும் உள்ளது. கணவன் அவளை வஞ்சித்துப் பொருளைப் பெற்றுக்கொண்டு வேறொருத்தியுடன் ஓடிவிடுகின்றான். இஸோராவின் ஆவி நம் நீலியைப் போலவே இரக்கமின்றி அவனை அழிக்கின்றது. ஆகவே, கைவிடப்பட்ட பெண் சினந்தெழுவாள் என்பதை அகினாரி அறியாதவரல்லர். கத்ஸுஷிரோ வஞ்சித்தவன் அல்லன், தாமதித்தவன். வஞ்சனைக்குத் தண்டனை உண்டு. தாமதத்திற்குத் தண்டனை இல்லை. காத்திருந்தவள் அன்போடு கதவைத் திறக்கின்றாள். அந்த அன்பையே அவன் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டும்.

அந்நூலில் இரு நண்பர்களைப் பற்றிய கதையும் ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வந்தித் திருநாளன்று, திரும்பி வருவதாக ஒருவன் வாக்களித்துச் செல்கின்றான். சென்ற இடத்தில் காவலில் வைக்கப்படுகின்றான். உயிரோடு வர வழியில்லை. ஆவியோ ஒரே நாளில் நெடுந்தொலைவு செல்லும் என்று கேட்டறிந்து, உயிரை மாய்த்துக்கொண்டு, குறித்த நாளின் இரவில் நண்பன் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றான். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் அகினாரியின் கருத்துப் புலனாகும். அவர் படைத்த இவ்வாவிகள் அச்சுறுத்தும் உருவங்கள் அல்ல. காக்கப்பட்ட சொல்லே அங்கே உருக்கொண்டு நிற்கின்றது. உயிரோடிருப்பவன் மறந்தாலும் இறந்தவர் மறப்பதில்லை.

1953-இல் கென்ஜி மிஸோகுச்சி என்னும் இயக்குநர் இந்நூலின் இரு கதைகளை இணைத்து 'உகெத்ஸு' என்ற திரைப்படத்தை எடுத்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் அது அவ்வாண்டு வெள்ளிச் சிங்க விருது பெற்றது. அதில் கணவன் ஒரு குயவன். அவன் திரும்பி வந்து வெறும் வீட்டினுள் நுழைகின்றான். அடுப்பு அணைந்து கிடக்கின்றது. பின்புறமாக வெளியேறி வீட்டைச் சுற்றி வருகின்றான். காட்சி இடையில் வெட்டப்படாமல் அவனைத் தொடர்கின்றது. அவன் மீண்டும் வாயிலை அடையும்போது அடுப்பில் தீ எரிகின்றது. மனைவி அதனருகில் அமர்ந்திருக்கின்றாள். மந்திரமில்லை, புகையில்லை. அன்பு வீட்டிலேயே இருந்தது, அவன் ஒருமுறை சுற்றி வரவேண்டியிருந்தது என்று சொல்வதுபோல அக்காட்சி அமைந்துள்ளது.

பொருள்வயிற் பிரிவு தமிழர்க்குப் புதியதன்று. நம் அக இலக்கியத்தில் தலைவன் கார்காலத்தில் வருவதாகக் கூறிப் பிரிவான், தலைவி ஆற்றியிருப்பாள், மழை தொடங்க, அவன் தேர் விரையும். அத்தேர் ஏழாண்டுகள் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு விடையாகவே இந்த ஜப்பானியக் கதை நமக்குத் தோன்றுகின்றது.

கத்ஸுஷிரோ செய்த பிழை யாது? கள்வர் மறித்தது அவன் பிழையன்று. காய்ச்சலும் அவன் பிழையன்று. செய்தி கிட்டாததை இறப்புச் செய்தியாகக் கொண்டதே அவன் பிழை. அவள் இறந்திருப்பாள் என்று அவன் முடிவு செய்த நாளில் அவள் உயிரோடு கதவருகே காத்திருந்தாள். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தாள். நம் காலத்தில் காவற்சாவடிகள் இல்லை. கியோட்டோவிற்கும் மமாவுக்கும் இடையில் மக்கள் சில மணி நேரத்தில் போய் வருகின்றனர். ஆயினும், நம்மிற் பலருடைய ஊரிலும் ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கின்றது. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றோம்; திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றோம். விடுப்புக் கிடைக்காமையும் பணமுடையும் மெய்யான காரணங்களே. காத்திருப்பவர்களும் அவற்றைக் குறைகூறார், மியாகியும் குறைகூறவில்லை. வர இயலாத நாளில் வர இயலவில்லை என்று எழுதுவதும், இயலும் நாளில் உடனே புறப்படுவதும் நம் கையில் உள்ளவை.

கதையின் முடிவில் அம்முதியவர் அவனோடு அந்தப் புல் மூடிய வீட்டிற்கு வருகின்றார். இருவரும் இரவெல்லாம் அவள் பெயரால் பிரார்த்திக்கின்றனர். எழுத்தறியாத அம்மனிதர் அப்போது, பண்டைக்காலத்தில் அவ்வூரில் வாழ்ந்து கடலில் மூழ்கி இறந்த தெகோனா என்ற பெண்ணைப் பற்றிக் கூறுகின்றார். மியாகியின் அன்பு அவளினும் பெரிது என்கின்றார். 8-ஆம் நூற்றாண்டின் கவிதைத் தொகுதியில் பாடப்பெற்ற தெகோனாவிற்கு அவ்வூரில் இன்றும் ஒரு கோயில் உண்டு. மியாகிக்கு இருப்பது அகினாரியின் இக்கதை ஒன்றே.