மின்சாரம் காக்கும் கதவு

பூட்டும் சாவியும் மனிதன் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டு வரும் சாதனங்கள். ஆயினும் அவற்றுக்கு ஒரு குறை உண்டு. தன்னை ஏந்தி வருபவர் யார் என்பதைச் சாவி அறியாது. அது தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். யார் எப்பொழுது உள்ளே சென்றார் என்ற கணக்கும் கிடைப்பதில்லை. இரசாயனப் பொருள்களைச் சேமித்து வைக்கும் அறை, விலையுயர்ந்த அளவைக் கருவிகள் உள்ள பண்டகசாலை, கணிப்பொறிக் கூடம் முதலிய இடங்களில் இக்குறை பெரிதாகத் தோன்றும். இதனை நீக்க எழுந்ததே மின்னணு வாயிற்காப்பு முறை. இன்று கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இது பரவலாகக் காணப்படுகின்றது. இதனைப் பொருத்துவது கடினமன்று. சரிவரச் சோதிப்பதே முக்கியம்.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

அட்டை, படிப்பான், கட்டுப்பாட்டுப் பெட்டி, பூட்டு ஆகிய நான்கும் இம்முறையின் தலையாய உறுப்புகள்.

அட்டைக்குள் மின்கலம் கிடையாது. மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும் சிறு சில்லு ஒன்றுமே உண்டு. படிப்பான் தன்னைச் சுற்றி மாறுபடும் காந்தப்புலம் ஒன்றை எழுப்புகின்றது. அட்டை அருகே வந்ததும் அதன் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. 1831-ஆம் ஆண்டில் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இங்குத் தொழிற்படுகின்றது. அவ்வாறு பெற்ற ஆற்றலைக் கொண்டு சில்லு தன் எண்ணை அறிவிக்கின்றது. பழைய வகை அட்டைகள் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும், புதியவை 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலும் இயங்குவன. முன்னவற்றின் எண்ணை எளிதில் நகலெடுத்துவிடலாம். ஆதலின் புதிதாக அமைப்போர் மறைகுறி வசதியுள்ள அட்டைகளைத் தேர்வதே நன்று.

படிப்பான் அவ்வெண்ணைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும் முறைகளுள் வீகண்ட் முறை நெடுநாளாக வழங்குவது. இதில் இரு கம்பிகள் உண்டு. ஒன்றில் துடிப்பு வந்தால் சுழி. மற்றதில் வந்தால் ஒன்று. வழக்கமான வடிவில் 26 இலக்கங்கள் உள்ளன. நிலையத்தைக் குறிப்பவை 8. அட்டையின் எண்ணைக் குறிப்பவை 16. முதலும் இறுதியுமான இரண்டும் பிழை காணப் பயன்படுவன. அட்டை எண்ணுக்குரிய 16 இலக்கங்களால் 65,536 வேறுபட்ட எண்களைக் குறிக்கலாம்.

பூட்டுகளுள் பெரிதும் வழங்குவது மின்காந்தப் பூட்டு. கதவு நிலையில் மின்காந்தமும், கதவில் இரும்புத் தகடும் பொருத்தப்படும். 12 வோல்ட் அழுத்தத்தில் ஏறத்தாழ அரை ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும் பூட்டு, சுமார் 270 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கதவைப் பற்றி நிற்கும். மின்னோட்டம் நின்ற கணமே பிடி விட்டுவிடும். இதற்கு மாறாக, மின்சாரம் நின்றாலும் வெளியிலிருந்து திறக்க இயலாதவாறு மூடியே இருக்கும் தாழ் வகையும் உண்டு. அறையின் தேவையை ஆராய்ந்த பின்னரே இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்கத்தக்கவை

இரும்புத் தகட்டை இறுக முடுக்கிவிடலாகாது. இரப்பர் வளையத்தின் மீது சற்றே அசையுமாறு அமைத்தால்தான் அது காந்தத்தின் முகத்தோடு முழுதும் படியும். இடையில் தூசியோ வண்ணப்பூச்சோ புகுந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கம்பியின் பருமனும் கவனத்துக்குரியது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 30 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போகவும் வரவும் 60 மீட்டர் ஆகின்றது. அதன் தடை ஏறத்தாழ 2 ஓம். அரை ஆம்பியர் ஓடுகையில் 1 வோல்ட் வழியிலேயே வீணாகின்றது. ஆகவே மின்னழுத்தத்தை மின்வழங்கிப் பெட்டியில் மட்டுமன்றி, பூட்டு இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளிலும் அளந்து பார்த்தல் வேண்டும்.

வீகண்ட் கம்பிகள் இரண்டும் இடம் மாறிவிடுவது வழக்கமாக நேரும் பிழை. அப்பொழுது சுழிகளெல்லாம் ஒன்றாகவும், ஒன்றுகளெல்லாம் சுழியாகவும் போய்ச் சேரும். பிழை காணும் இலக்கங்கள் பொருந்தா. படிப்பான் ஒலி எழுப்பும், கதவோ திறவாது. அட்டையைக் குறை கூறுமுன் இக்கம்பிகளைப் பார்த்துக்கொள்வது நலம்.

மின்கலத்தில் மறைந்துள்ள அபாயம்

மின்தடையின்போதும் காவல் நீடிக்கும்பொருட்டு 12 வோல்ட் சேமமின்கலம் ஒன்று இணைக்கப்படுகின்றது. மொத்தச் செலவு 0.7 ஆம்பியர் எனின், 7 ஆம்பியர்-மணிக் கலம் கணக்கின்படி 10 மணி நேரம் நிற்க வேண்டும். பழகிய கலம் அவ்வளவு தாங்குவதில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். “தீப்பிடித்தால் மின்சாரம் நின்றுவிடும், மின்சாரம் நின்றால் காந்தப் பூட்டு தானே திறந்துகொள்ளும்” என்று அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் கட்டடத்தின் மின்சாரம் நின்ற பின்னரும் சேமமின்கலம் கதவைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காவலுக்காக வைத்த கலமே உள்ளிருப்போருக்குச் சிறையாகிவிடலாம்.

பூட்டிய கதவின் கொடுமையை உலகம் அறியாததன்று. 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீ மூண்டபோது மாடிப்படிக் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. அவ்விபத்தில் 146 பேர் மாண்டனர். 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தில்லி உபகார் திரையரங்கில் புகை சூழ்ந்தபோது, மேல்மாடத்தில் இருந்தோர் வெளியேற வழியின்றித் தவித்தனர். 59 பேர் உயிரிழந்தனர். வெளியேறும் கதவுகளை உள்ளிருப்போர் சாவியின்றித் திறக்க இயலவேண்டும் என 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கூறுவதன் பொருள் இத்தகைய நிகழ்ச்சிகளால் நன்கு விளங்கும்.

எனவே கதவின் உட்புறத்தில் அவசர விசை ஒன்று இருத்தல் வேண்டும். அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி மட்டும் அனுப்பும் விசையாக இருத்தல் போதாது. மின்கலத்துக்கும் பூட்டுக்கும் இடையே உள்ள கம்பியையே நேராகத் துண்டிக்க வேண்டும். தீ எச்சரிக்கை அமைப்பின் தொடர்பும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

சோதனை வரிசை

முதலாவதாக, உரிமை பெற்ற அட்டை, உரிமையற்ற அட்டை, நீக்கப்பட்ட அட்டை ஆகிய மூன்றையும் காட்டிப் பார்த்தல் வேண்டும். முதல் அட்டைக்கு மட்டுமே கதவு திறக்கலாம். இரண்டாவதாக, கதவு தானே மூடிப் பூட்டிக்கொள்கின்றதா, திறந்தே விட்டால் எச்சரிக்கை ஒலிக்கின்றதா எனக் காணவேண்டும். மூன்றாவதாக, பிரதான மின்சாரத்தை நிறுத்தி, கலம் எவ்வளவு நேரம் தாங்குகின்றது எனக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்காவதாக, கலம் இணைந்திருக்கும் நிலையிலேயே அவசர விசையை அழுத்துதல் வேண்டும். ஐந்தாவதாக, கட்டுப்பாட்டுப் பெட்டி செயலற்றுப் பூட்டு மட்டும் பிடித்திருக்கும் நிலையை உண்டாக்கி, மீண்டும் அவ்விசையை அழுத்துதல் வேண்டும். இறுதியாக, தீ எச்சரிக்கையை இயக்கிப் பார்த்தல் வேண்டும். கடைசி மூன்றில் ஒன்று தவறினாலும் அக்கதவைப் பயன்பாட்டுக்கு விடலாகாது. சோதித்த நாளையும் முடிவையும் பதிவேட்டில் எழுதிவைத்து, குறிப்பிட்ட காலந்தோறும் இவற்றைத் திரும்பச் செய்தல் கடமையாகும்.

வகுப்பறையில்

இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கிக் காட்டலாம். பெரிய இரும்பு ஆணியில் காப்பிட்ட கம்பியைச் சுற்றி, உலர்மின்கலத்துடன் சிறிது நேரம் இணைத்தால் குண்டூசிகள் ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு தாளை வைத்தால் பிடிப்புக் குறையும். தூசி செய்யும் தீங்கு இதனால் விளங்கும். இணைப்பைத் துண்டித்தால் ஊசிகள் உதிரும். அவசர விசையின் தொழிலும் அதுவே.

அயலாரைத் தடுப்பது கதவின் ஒரு கடமை. உள்ளிருப்போரை விடுவிப்பது மற்றொன்று. முதற்கடமையில் தவறினால் பொருள் போகும். இரண்டாவதில் தவறினால் உயிர் போகும்.