முதல்ல நிக்கட்டும்... அப்புறம் ஓடட்டும்!

"ஸ்டார்ட் ஆகுமா மேஸ்திரி?" என்றேன் ஆவலாக.

"அது ஆகும் தம்பி. நிக்குமான்னு கேளுங்க" என்றார் அவர்.

இடம், தண்டலம். பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. சுற்றுவட்டாரம் முழுக்க கார் கம்பெனிகள், அவற்றுக்கு பார்ட்ஸ் செய்து தரும் கம்பெனிகள். அப்படி ஒன்றில்தான் நானும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பில் போடுகிறேன். பார்ட்ஸ் பெயரையெல்லாம் டைப் அடித்திருக்கிறேனே தவிர, ஒரு நட்டைக்கூடத் திருகியதில்லை!

கொட்டகைக்குள் நின்றது 1922-ம் வருஷத்து ஃபோர்டு 'மாடல் டி'. நண்பனின் கொள்ளுத் தாத்தா வாங்கியது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றுத் தீர்ந்த மாடல். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நம்மைப் போன்ற நாடுகளுக்கு, வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்து கனடாவிலிருந்து அனுப்பினார்கள்.

நண்பனின் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் இந்தக் காரில் உட்கார வைத்து, ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவன் ஆசை. பெயின்ட் பளபளத்தது. எஞ்சினும் ஓடியது.

"அப்புறமென்ன, கிளம்ப வேண்டியதுதானே?" என்றேன். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

முதலில் சக்கரம். ஆரக்கால் எல்லாம் மரம். மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரியேதான். நம் வெயிலில் மரம் சுருங்கி, குடத்துக்குள் ஆட ஆரம்பித்துவிடும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, காதை வைத்துக் கேட்டார். 'கடக்' என்றால் அவுட்! நல்லவேளை, சத்தமில்லை.

அடுத்து ஆயில். அளந்து பார்க்கிற குச்சி கிடையாது. அடியில் மேலும் கீழுமாக இரண்டு குட்டிக் குழாய்கள். கீழ்க் குழாயைத் திறந்தால் ஆயில் வர வேண்டும். மேல் குழாயில் வரக்கூடாது. சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். அதற்கு மட்டும் ஒரு மரக் குச்சி! பம்ப் இல்லை, பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும். டேங்க்கில் கொஞ்சமாக இருந்தால் செங்குத்தான மேட்டில் எஞ்சினுக்குப் போகாது. அதனால் அந்தக் காலத்தில் ரிவர்ஸிலேயே மலை ஏறினார்களாம்!

பிறகுதான் பின் ஆக்ஸிலுக்கு வந்தார். "இதைப் பிரிக்கணும்."

"நல்லாத்தானே இருக்கு!" என்று பதறினான் நண்பன். விசேஷத்துக்கு இன்னும் பத்தே நாள்.

"வெளியே நல்லாத்தான் இருக்கும்."

பிரித்தார். உள்ளேயிருந்த பழைய கிரீஸை விரலால் வழித்து வெளிச்சத்தில் காட்டினார். சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாக உலோகத் துணுக்குகள்.

விஷயம் இதுதான். இந்தக் காரில் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே ஒரு டிரம்மைப் பட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்கு வரவேண்டும். வழியில் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்க வேண்டும். கிரவுன் வீலை விலகாமல் தாங்குவது ஒயிட் மெட்டல் வாஷர். அந்தக் காலத்துக்கு அது போதும். நூறு வருஷம் யாரும் திறந்து பார்க்காவிட்டால்? வாஷர் பொடியாகும், கிரவுன் வீல் விலகும், பல் விட்டுப்போகும். அப்புறம் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் கியர் பெட்டிதான் நிற்கும், கார் நிற்காது!

எதிரே கன்டெய்னர் லாரி, பின் சீட்டில் எண்பது வயசுத் தம்பதி... நண்பன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

லேத் பட்டறையில் வெண்கலத்தில் வாஷர் கடைந்து வாங்கி மாட்ட மூன்று வாரம் ஆயிற்று. எண்பதாம் கல்யாணத்துக்கு வாடகைக் கார்தான்.

1903-லேயே சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன், மெட்ராஸில் ஒரு நீராவிக் கார் செய்தார். அன்றைக்கு டெஸ்ட் டிராக் ஏது? ரோடுதான் டிராக்! இன்றைக்கு எங்கள் பக்கத்து ஒரகடத்திலேயே அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. மேஸ்திரியிடம் இருப்பதோ கை, காது, மூக்கு.

டெஸ்ட் ரன்னுக்கு, பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாத ஒரு லே-அவுட் கிடைத்தது. ஹேண்டில் அடித்துத்தான் ஸ்டார்ட். "கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து வைங்க. எதிர்ப்பக்கம் உதைச்சா எலும்பு போயிடும்."

ஸ்டார்ட்! நான்தான் ஓட்டினேன். மூன்று பெடல். வலது பிரேக். நடுவில் ரிவர்ஸ். இடது பெடலை அழுத்தினால் முதல் கியர், விட்டால் டாப் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். ஆக்ஸிலரேட்டர்? அது ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடி!

நான்கு முறை ஓட்டி, நான்கு முறையும் நிறுத்திக் காட்டினேன். ஐந்தாவது முறை ஓர் ஆடு குறுக்கே வந்தது. பழக்கதோஷம்... கிளட்ச் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தேன். கார் ஆட்டை நோக்கிப் பாய்ந்தது! மேஸ்திரி சட்டென்று கை பிரேக்கை இழுத்தார். அது தனியாகப் பின் சக்கரங்களையே பிடிக்கும், கியரையும் விடுவித்துவிடும். ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

"இதுக்குத்தான் தம்பி இதை முதல்லயே சரி பண்ணி வெச்சேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. இறங்கி நான்கு சக்கரக் குடங்களையும் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. அடியில் ஒழுகல் இல்லை. "பாஸ். ஆனா ஹைவே வேணாம். காலையில, உள் ரோட்டுல, இருபது மைலுக்கு மேல போகாம."

அப்படித்தான் போனோம். ஸ்டியரிங்கில் மேஸ்திரி. நான் பின்னாலேயே என் பைக்கில். அதற்கு முதல் நாள்தான், ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட பிரேக் ஷூவை மாற்றியிருந்தேன்.

கோயில் வாசலில் நண்பன், "நல்ல நாள் தவறிப்போச்சேப்பா" என்று வருத்தப்பட்டான்.

பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "நாள்தானேடா போச்சு... நான் போகலையே!"