சோலார் மின்சாரம்: வீட்டுக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு

கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் நம் வணிகர்கள் பலர் மொட்டை மாடியில் சோலார் பேனல் அமைக்க விரும்புகின்றனர். நல்ல காரியமே. ஆனால் எந்த மின் இணைப்பில் சேர்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு வந்த விதிமுறைப்படி, வீட்டு இணைப்பில் யூனிட்டுக்கு யூனிட் கழிவு உண்டு. பகலில் வாரியத்துக்கு அனுப்பியது, இரவில் வாங்கியதில் கழியும். மீதி அடுத்த பில்லில் வரவாகும்.

கடை இணைப்புக்கு அப்படியில்லை. அனுப்பும் யூனிட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த தொகைதான் வரவாகும். நாம் கட்டும் வணிகக் கட்டணத்தைவிட அது மிகக் குறைவு. ஆகவே பகலில் ஃப்ரீசரும் விளக்கும் இழுக்கும் அளவுக்கே பேனல் போடுவது லாபம். ஒரு கிலோவாட், நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இதை விசாரிக்காமல் நமது மண்டியில் தேவைக்கு இரு மடங்கு போட்டோம். முதல் பில்லைப் பார்த்த பிறகே புத்தி வந்தது.

2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்ட மானியமும் வீடுகளுக்கு மட்டுமே: 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-ம் அதற்கு மேலும் ரூ.78,000.

இன்னொன்று: பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. எனவே ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம்.

சரக்கு எடுக்குமுன் விலை கேட்பது நம் வழக்கம். இதிலும் கையெழுத்திடுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிவோம்.