நவராத்திரிக் கொலுவும் மலையக லயமும்: ஊவாவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஊவாவின் மலைச்சரிவுகளில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்று அங்கு விளையும் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது. அக்காற்று அடங்கி மாலை மழை தொடங்கும் காலத்திலேயே நவராத்திரி வருகிறது. வடமொழியாளர் இப்பருவத்தைச் சரத் காலம் என்பர். அதனாலேயே இவ்விழா சாரதா நவராத்திரி எனப்பட்டது. மேலைநாட்டார் இலையுதிர் காலத்தில் பூசணி முதலிய விளைபொருள்களால் இல்லத்தை அணிசெய்வர். தமிழர் இல்லங்களில் அவ்விடத்தைப் பெறுவது கொலு. பதுளை மாவட்டத் தோட்டங்களில் இவ்வழக்கம் என்ன நிலையை அடைந்தது, அதற்குக் காரணம் யாது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கொலு என்பது மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாக அமைக்கும் படிகளில் பொம்மைகளை முறைப்படுத்தி வைப்பதாகும். ஓரறிவுயிர் கீழ்ப்படியிலும், அதன்மேல் ஏனைய உயிர்களும், மக்களும், மகான்களும், உச்சியில் தெய்வங்களும் இடம்பெறுதல் வேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் ஒரு விளக்கம். உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும் தொல்காப்பிய மரபியலின் நோக்கோடு இவ்வரிசை ஒத்திருத்தல் கருதத்தக்கது. ஆயினும் நடைமுறையில் இல்லத்துக்கு இல்லம் வேறுபாடு உண்டு. மரப்பாச்சி இணையும், தானியங்களைப் பரப்பிக் கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையும் பல இல்லங்களிற் காணப்படுவன. தமிழகத்தில் பண்ணுருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி முதலிய ஊர்கள் மண்பொம்மைகளுக்குப் பெயர் பெற்றவை. ஆண்டுதோறும் புதிய பொம்மை ஒன்றையேனும் சேர்க்கும் வழக்கமும் உண்டு. எனவே கொலு ஒன்பது நாள் அலங்காரம் மட்டுமன்று. தலைமுறைகளாக வளரும் ஒரு சேகரிப்பும் ஆகும்.

சேகரிப்பு நிலைபெற மூன்று வேண்டும்: பரப்புவதற்கு இடம், ஆண்டு முழுவதும் காப்பதற்குப் பாதுகாப்பான மூலை, கையேற்பதற்கு வழித்தோன்றல். தோட்டத் தொழிலாளர் வாழ்வில் இம்மூன்றும் அரிதாயின. லயத்தின் ஒரு காம்பரா ஏறத்தாழப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. உறங்குவதும் உண்பதும் பிள்ளைகள் படிப்பதும் அவ்விடத்திலேயே. அடுப்புப்புகை சுவரைக் கருக்க, கூரை ஒழுக்கு மண்பொம்மையின் வண்ணத்தைக் கரைக்கும். வீடோ தோட்டத்துக்குரியது, வேலை போனால் வீடும் போகும். இவற்றோடு சமூகக் காரணம் ஒன்றையும் மறைத்தல் ஆகாது. தமிழகத்திற் கொலுவைப் பேணி வளர்த்தோர் பெரிதும் அரண்மனையினரும் அந்தணரும் வசதி படைத்தோரும் ஆவர். கோப்பிக் காலத்திலும் பின்னர்த் தேயிலைக் காலத்திலும் மலையேறி வந்தோருட் பெரும்பாலோர் உழைக்கும் குடியினர். அவர்தம் மூட்டைகளிற் பொம்மைகளுக்கு இடமிருந்திராது.

எனினும் அழகுணர்ச்சி அற்றுப்போகவில்லை. அது வேறு உருவங்களை மேற்கொண்டது. படி இல்லாத வீட்டில் சுவரே கொலுவாயிற்று. கண்ணாடிச் சட்டமிட்ட சாமிப் படங்கள், கடைக்காரர் கொடுத்த நாட்காட்டிப் படங்கள், திருமணப் புகைப்படங்கள் ஆகியன வரிசையாகத் தொங்கலாயின. ஆண்டு முடிந்த பின்னரும் நாட்காட்டிப் படம் கழற்றப்படாது நிற்கும். தீபாவளிக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்து, படங்களைத் துடைத்து, பொட்டிட்டு மீண்டும் மாட்டுவது இக்காலத்து இல்ல அலங்காரத்தின் தலையாய கூறாகும். ஆயுதபூசையன்று கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுவதும் ஒருவகைக் கொலுவே எனலாம். நாள்தோறும் கையைக் காய்க்கச் செய்யும் கருவி அன்று ஒருநாள் வழிபாட்டுக்குரியதாகிறது. வீட்டில் இடம் பெறாத படிக்கொலுவுக்குக் கோயிலும் பாடசாலையுமே பொருத்தமான இடங்களாயின. அங்கு அது குடும்பச் சொத்தாகாது பொதுச் சொத்தாகிறது.

மூன்றாவது நிபந்தனையாகிய வழித்தோன்றலை வரலாறே குலைத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாய் ஒரு கரையிலும் மகள் மறுகரையிலுமாகப் பிரிந்த குடும்பங்களில் எப்பொருள் எவரிடம் சேர்வது? 1983 யூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியூட்டப்பட்டன. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையும் அவற்றிலிருந்த மக்களையும் மூடியது. உயிரிழப்பின் முன் பொருளிழப்பைப் பேசுவது சிறிது. ஆயினும் புதிதாக வெள்ளையடித்த சுவரும், அதிலிருந்த முன்னோர் படங்களும் அம்மண்ணுக்குள்ளேயே உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு குடும்பத்தின் நினைவுக்கு வேறு ஆவணம் இல்லாதபோது சுவர்ப்படமே அதன் வரலாறாகும்.

இன்று நிலை ஓரளவு மாறிவருகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை பெற வழிசெய்தது. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் இந்திய உதவியுடன் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கையும் இடம்பெற்றது. லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர். எனினும் தனிவீடு பெற்றோர்க்குச் சுவரொன்றைத் தமதென்று கூறும் உரிமை வாய்க்கின்றது.

அத்தகைய சிறு வீட்டிலும் கொலு அமைத்தல் இயலும். மூன்று படிகள் போதும். பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி வெள்ளைத் துணி விரித்தாற் படி ஆயத்தம். ஈரம் பாயும் சுவரைவிட்டுச் சாணளவு தள்ளி அமைத்தல் நன்று. விழா முடிந்தபின் பொம்மைகளைப் பழைய பருத்தித் துணியிற் சுற்றி, வேப்பிலை இட்டு, தரையிற்படாது உயரத்தில் வைத்தல் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் இதனைச் செய்வது பொருந்தும். தமிழகத்துச் செட்டியார் கடைக்கு ஈடாகக் கீழ்ப்படியில் தேயிலை மலையையும், கூடை சுமந்த கொழுந்துப் பெண்ணையும், தெமோதரைச் சுழல் ரயில்பாதையையும் பிள்ளைகளே களிமண்ணாற் செய்து வைக்கலாம். பாட்டனின் பழைய கவ்வாத்துக் கத்தியும் பாட்டியின் கொழுந்துக் கூடையும் அப்படியில் இடம்பெறத் தக்கனவே. இவை பழம்பொருட் கடையிற் கிடைப்பன அல்ல. வீட்டுக்கு வீடு அழிந்து வருவன.

கொலுவின் மேற்படி எங்கும் ஒன்றே; கீழ்ப்படியே அது எந்த மண்ணுக்குரியது என்பதைக் காட்டும். ஊவாவின் கீழ்ப்படியை அணிசெய்வதற்கு வேண்டிய பொருள்கள் லயங்களின் மூலைகளில் இன்னும் உள. அவற்றை இப்பொழுதே கழுவித் துடைத்துப் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.