பாலம் கட்டி முடியும் வரை

கிண்ணியா குறிஞ்சாக்கேணியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 நவம்பர் 23 காலை, புதிய பால வேலை நடந்த இடத்தில் மாற்று வழியாக ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட 6 பேர் அன்றே உயிரிழந்தனர்.

அவர்களைப் பறித்தது பாலமல்ல, பாலம் முடியும்வரை என்று விடப்பட்ட தற்காலிக வழி. நம் வீதி வேலைகளிலும் இதே கதைதான். தார் உரித்த இடத்தில் சல்லி பரப்பியிருக்கும், ஓரம் வெட்டியிருக்கும், எச்சரிக்கைப் பலகையோ பள்ளத்தின் வாசலிலேதான் நிற்கும். அங்கே வைத்து யாருக்கு என்ன பயன்?

ஒரு கணக்கு. வேகம் 60 இலிருந்து 30 ஆகக் குறைந்தால், பிரேக் பிடித்தபின் வாகனம் ஓடும் தூரம் நான்கில் ஒன்றாகிறது. சல்லியில் டயருக்குப் பிடிப்பு இல்லாததால் அந்தத் தூரம் நீளும். ஆகவே சல்லி தொடங்குமுன்பே வேகத்தைக் குறையுங்கள். மோட்டார் சைக்கிளில் சல்லிமேல் முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு வழுக்கும்.

சுபஹுக்குப் பள்ளிவாசல் போகிறவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். அந்த இருட்டில், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் ரோலர் கிட்டப்போன பிறகுதான் கண்ணில் படும். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது நபிமொழி. பள்ளத்துக்கு முன்னே விளக்கு வைக்கும்படி ஒப்பந்தக்காரரிடம் பள்ளிவாசல் நிர்வாகமே கேட்கலாம்.