எழுதத் தெரிந்தால் போதுமா?

"மென்பொருள் எழுதுவது எல்லாம் ஒன்றுதானே? பாங்கிக்கு எழுதினால் என்ன, ஆஸ்பத்திரிக்கு எழுதினால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடையாக, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவத்தை நாம் முதலில் கூற விரும்புகிறோம்.

1986-ஆம் வருஷம் மார்ச் மாதம். டெக்ஸாஸ் ராஜ்யத்தைச் சேர்ந்த டைலர் என்னும் ஊரிலே, புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெற ஒருவர் படுத்திருந்தார். யந்திரத்தின் பெயர் தெராக்-25. அதை இயக்கிய மாது ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டிவிட்டு உடனே திருத்தினார். திருத்தம் திரையில் தெரிந்தது. யந்திரத்துக்குள் முழுதும் சென்று சேரவில்லை. பழகிய கை அவ்வளவு வேகம்! உரிய அளவைப் போல் சுமார் நூறு மடங்கு கதிர் நோயாளியின் மீது பாய்ந்தது. திரையிலோ 'கோளாறு 54' என்ற வாசகமே தோன்றிற்று. ஐந்து மாதங்களில் அவர் உயிர் நீத்தார். 1985 முதல் 1987 வரையில் அமெரிக்காவிலும் கானடாவிலுமாக அறுவர் இந்த யந்திரத்தால் இவ்விதம் துன்புற்றனர்.

முந்திய தெராக்-20 யந்திரத்திலும் இதே பிழை ஒளிந்திருந்தது. ஆயினும், மென்பொருளை நம்பாத தனிப் பூட்டுகள் அதிலிருந்து காப்பாற்றின. புதிய யந்திரத்தில் அப்பூட்டுகளை விலக்கி, மென்பொருளையே காவலுக்கு வைத்தனர். சிகிச்சை அறையில் எது ஆபத்து, ஊழியரின் விரல் எப்படி ஓடும் என்பதை அறியாதவர் எழுதும் கட்டளை எத்துணை நேர்த்தியாயினும் பயன் என்ன?

இதனை உணர்ந்தே, 2009-இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட மென்பொருள் பொறியியல் பட்ட மேற்படிப்புத் திட்டம், நிதி, வைத்தியம், போக்குவரத்து போன்ற துறைகளுள் ஒன்றையேனும் மாணவர் நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று சிபார்சு செய்தது.

"ஒரே துறையில் கட்டுண்டால் பிற வாயில்கள் அடைபடாவோ?" எனலாம். நியாயமான அச்சமே. அதனால்தான் புதிய துறையொன்றைக் கற்கும் முறையையும் மாணவர் அறிய வேண்டும் என்று அத்திட்டம் சேர்த்துச் சொல்லிற்று. அங்ஙனம் கற்காமல் இடம் மாறினால் என்னாகும்? ஏரியான்-4 ராக்கெட்டுக்குப் பொருந்திய மென்பொருளை, அதனினும் வேகமான ஏரியான்-5க்கு அப்படியே எடுத்து வைத்தனர். 1996 ஜூன் 4-இல், கிளம்பிய நாற்பது விநாடிக்குள் ராக்கெட் சிதறிற்று!

ஆகையால், குழந்தைகளை மேற்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர்களே, "எத்தனை கம்ப்யூட்டர் பாஷைகள் கற்பிப்பீர்கள்?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "எந்தத் துறையாரிடம் அழைத்துச் சென்று அவர்கள் வேலையைக் காட்டுவீர்கள்?" என்றும் கேளுங்கள். பிறர் உயிரைக் காக்கும் கேள்வி அது.